ஏழாம் எல்லைக்கல்

என்னுடைய பொலிஸ் கேஸை என் மகள் ஊர்ச் சங்கத்தில் கொண்டுபோய் வைத்துவிட்டாள் என்று தெரியவந்த அன்று நான் பிட்டுக்கு மாக் குழைத்துக்கொண்டு நின்றேன். கையெல்லாம் மா. இல்லாவிட்டால் அன்றைக்கு அவளுக்கு முதுகில் இரண்டு விழுந்திருக்கும். பதினேழு வயதுப் பிள்ளைக்கு அடிப்பதா என்று கேட்பவர்கள் கேட்கட்டும். அவர்களுடைய பிள்ளைகள் இப்படி வந்து நின்றால் அப்போது தெரியும்.

"அம்மா, ஏழாங் கல்லுக்கு நான் கதை குடுத்திருக்கிறன்," என்றாள் சாருலதா. "எங்கட கதை. நீங்கள் ரோட்டைக் கடந்து பொலிசிட்டைப் பிடிபட்ட கதை."

"ஆரைக் கேட்டுக் குடுத்தனி?"

"இப்ப கேக்கிறன்தானே."

இதுதான் சாரு. செய்துவிட்டு வந்து அனுமதி கேட்பாள். யாரைக் கொண்டு பிறந்தாளோ என்று அவளுடைய தகப்பன் அசோகன் அடிக்கடி சொல்வார், சொல்லிவிட்டு என்னைப் பார்ப்பார்.

இந்தச் சங்கம் என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன். ஜெர்மனியில், வுப்பர்டாலில் பஸ் ஏறினால் அது மலை ஏறி ஏறி வந்து கடைசியில் நிற்குமே, அந்தச் சின்ன ஊர்தான் எங்களுடையது. கறுப்புக் கற்பலகைச் சுவரும் வெள்ளை யன்னலும் பச்சைக் கதவுமாக வீடுகள். இங்கே ஒரு ஹைமாட்ஃபெரைன் இருக்கிறது. எங்கள் தமிழில் சொன்னால் ஊர்ப்பற்றுச் சங்கம். அதற்கு இளையோர் பிரிவு ஒன்று. நீலச் சட்டை போட்ட பெடியன்களும் பெட்டைகளும் கிழமைக்கு ஒரு நாள் கூடி ஊரின் பழைய பேச்சைப் பழகுவார்கள், ஊரைப் பற்றிய பாட்டுகளைப் படிப்பார்கள். வசந்தம் வந்ததும் ஊர் எல்லையில் நிற்கும் கற்களுக்குப் போய்க் கம்பித் தூரிகையால் பாசி உரஞ்சுவார்கள். செப்டம்பரில் எல்லை நடை. ஊரே திரண்டு எல்லையைச் சுற்றி நடக்கும். முன்னுக்குக் கொடி போகும்.

அந்தக் கொடி கைமாறுவதற்கு ஒரு முறை உண்டு. ஒவ்வொரு கல்லடியிலும் கொடியை நிலத்தில் குத்தி நிறுத்துவார்கள். அந்தக் கல்லுக்கு உரிய வீட்டிலிருந்து ஒருவர் வந்து அந்த இடத்தில் நடந்த கதையைச் சொல்ல வேண்டும். கட்டுக்கதை கூடாது. சொன்னவரை நாலு பேர் தூக்கி மூன்று தரம் கல்லில் இருத்தி எடுப்பார்கள், ஊர் கைதட்டும். பிறகு அந்த வீட்டுப் பிள்ளை கொடியை எடுத்து அடுத்த கல்வரைக்கும் கொண்டுபோகும். ஏழாம் கல்லுக்கு உரிய குடும்பம் வாரிசில்லாமல் முடிந்துபோய்விட்டதால், அந்த இடத்தில் மட்டும் சங்கத் தலைவரே வந்து எதையோ சொல்லிச் சமாளித்துக்கொண்டிருந்தார்.

சாரு மூன்று வருடமாகக் கல் உரஞ்சுகிறாள். கொடியை ஒரு தரமும் தொட்டதில்லை, ஏனென்றால் எங்களுக்குக் கல் இல்லை. இந்த ஊர் ஆஸ்பத்திரியில் பிறந்தவள், இந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் படித்தவள், ஊர்ப் பேச்சில் பகிடி விட்டால் கிழடுகளே சிரிக்கும். ஆனாலும் கல் இல்லாத வீட்டுப் பிள்ளை. பதினெட்டு வயது வந்துவிட்டால் இளையோர் பிரிவில் இருக்க முடியாது. அடுத்த எல்லை நடைக்கு அவளுக்கு அங்கே இடமில்லை. அதாவது இந்த 2006இல் அவள் கொடி பிடிக்காவிட்டால் பிறகு எந்தக் காலத்திலும் இல்லை.

எனக்கு அந்தக் கொடியில் ஒரு பற்றும் இருக்கவில்லை, உண்மையைச் சொல்கிறேன். அந்தக் கோடையில்தான் இங்கே உலகக் கிண்ண உதைபந்தாட்டம் நடந்தது. ஊரெல்லாம் கொடி. என் மனுசன் அசோகனும் காரின் இரண்டு பக்கமும் கட்டிக்கொண்டு ஓடினார். நான் போய் அவிழ்த்தேன். காரணம் கேட்டார். காற்றுக்குச் சத்தம் போடுகிறது என்றேன். இலங்கையில் சண்டை திரும்பத் தொடங்கிவிட்ட நேரம் அது. எந்தக் கொடியும் என் கண்ணில் படக் கூடாது என்றிருந்தது.

ஆனால் வுப்பர்டாலில் இருக்கும் பாலாம்பிகை அக்கா தொலைபேசி எடுத்து, "உம்மட மகள் வெள்ளையின்ர கொடி தூக்கப் போறாளாம், அங்கை சனம் சாகுது, இஞ்சை உங்களுக்குக் கூத்து," என்றபோது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அக்கா, அவள் பிறந்த ஊர்க் கொடியை அவள் தூக்கிறாள். உங்கட மகன் எந்த ஊரிலை பிறந்தவர்? நல்லூரிலையோ?"

அக்கா தொலைபேசியை வைத்துவிட்டார். அவருடைய மகன் வுப்பர்டாலில் பிறந்து அதற்கு அங்கால் ஓர் இடமும் பார்க்காதவன்.

சரி, அந்தக் கேஸ்.

தொண்ணூற்று மூன்றில் நாங்கள் அகதி விடுதியில் இருந்தோம். ஊரின் கடைசி வீதியில் மூடிப்போன நெசவாலை ஒன்றை அறை அறையாகப் பிரித்து எங்களை வைத்திருந்தார்கள். வாசலுக்கு முன்னால் வீதி. வீதிக்கு இந்தப் பக்கம் எங்கள் மாவட்டம், அந்தப் பக்கம் அடுத்த மாவட்டம். இந்தக் கரையில் புல்லுக்குள் நின்றது அந்த ஏழாம் கல். எங்கள் விசா அட்டையில் எழுதியிருந்தது என்னவென்றால், மாவட்டத்தை விட்டு வெளியே போவதானால் வெளிநாட்டவருக்கான அரசாங்கக் கந்தோரில் அனுமதி எடுக்க வேண்டும். வுப்பர்டால் கோயிலுக்குப் போக அனுமதி. செத்த வீட்டுக்குப் போக அனுமதி. வீதியைக் கடந்தாலும் சட்டப்படி அது வெளியே போவதுதான்.

அந்தப் பக்கத்தில் ஒரு மஞ்சள் தொலைபேசிப் பெட்டி. கதவில் சின்ன மணியின் படம் போட்டிருக்கும். வெளியிலிருந்து அந்தப் பெட்டிக்கு அழைக்கலாம் என்று அதற்குக் கருத்து. எங்கள் பக்கத்துப் பெட்டிகளில் அந்த வசதி இல்லை. யாழ்ப்பாணத்தில் எங்கள் ஒழுங்கையில் இருந்து ரொறன்ரோவுக்குப் போன லோறன்ஸ் அண்ணை சனிக்கிழமைகளில் அந்தப் பெட்டிக்கு எடுத்து ஊர்ச் செய்தி சொல்வார். விடுதித் தமிழ்ச் சனம் எல்லாம் வீதிக்கு இந்தப் பக்கம் வரிசையாக நிற்கும். மணி அடித்தால் ஒருவர் ஓடிப்போய் எடுத்து, யாருக்கு அழைப்பென்று கத்துவார். கந்தோரில் போய், இந்த வீதியைக் கடக்க எனக்கு அனுமதி தாருங்கள் என்று நான் கேட்டிருக்கிறேன். அந்த அலுவலர் சிரித்தார். நான் பகிடி விடுகிறேன் என்று நினைத்தாராம்.

முதல் தரம் என்னையும் வேறு சிலரையும் பிடித்தபோது தண்டம் எழுதினார்கள். இரண்டாம் தரம் பிடித்தால் குற்ற வழக்கு என்றார்கள். பயத்தில் சனம் குறைந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து என் தம்பி கோபாலன் யாழ்ப்பாணத்தை விட்டுக் கிளாலிக் கடலால் வெளிக்கிட்டான். இரவில் வள்ளத்தில் கடக்கும் சனத்தைக் கடற்படை சுட்டுக்கொண்டிருந்த காலம். கிழமைகள் போயும் ஒரு தகவல் இல்லை. நான் சாப்பிட்டேனா, படுத்தேனா என்று எனக்கு ஞாபகமில்லை.

அந்தச் சனிக்கிழமை நான் சாருவைக் கொண்டுவந்து கல்லில் இருத்தி வைத்திருந்தேன். நாலு வயது. மணி அடித்தது. வீதியின் வளைவில் பொலிஸ் கார் நின்றது. அதை நான் கண்டேன். "இதிலையே இரு, இறங்காதை," என்று அவளுக்குச் சொல்லிவிட்டு, வாகனம் வருகிறதா என்று பார்த்துவிட்டுக் கடந்தேன்.

லோறன்ஸ் அண்ணை மூச்சு வாங்கிக்கொண்டு சொல்லத் தொடங்கவும் பொலிஸ்காரர் பெட்டிக் கதவைத் திறக்கவும் சரியாக இருந்தது. நான் அவருக்கு முன்னால் கையை விரித்துக் காட்டினேன். பொறு. மனுசன் பொறுத்தார், அதை நான் மறைக்க மாட்டேன். "பிள்ளை, கோபாலன் கொழும்புக்கு வந்திட்டான், என்ர வீட்டுக்குக் கதைச்சவன்," என்றார் லோறன்ஸ் அண்ணை. ரிசீவரை வைத்துவிட்டு வெளியே வந்து, இப்போது கொண்டுபோ என்று பொலிஸ்காரரிடம் தமிழிலேயே சொன்னேன்.

நீதிமன்றத்தில் எனக்கு ஒரு மொழிபெயர்ப்பாளர் தந்தார்கள். எங்கள் ஆள்தான், நல்ல மனுசன். திரும்பவும் இப்படிச் செய்வீர்களா என்று நீதிபதி கேட்டார். "மணி அடிச்சால் போவன்," என்றேன் நான். மொழிபெயர்ப்பாளர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு டொச்சில், அதாவது ஜெர்மன் மொழியில், ஒரு நீட்டு வசனம் சொன்னார். நீதிபதி தலையாட்டினார், சின்னத் தண்டனையோடு முடிந்தது. அந்த வசனத்தில் ஒரு சொல் மட்டும் என் காதில் ஒட்டிக்கொண்டது. பல காலம் கழித்து மொழி வகுப்பில் அதே சொல்லை வாத்தியார் கரும்பலகையில் எழுதினார். வருந்துதல் என்று கருத்து. நான் வகுப்புக்குள் எழும்பி நின்றுவிட்டேன். நான் எங்கே அப்பா வருந்தினேன்?

இந்தக் கதையைத்தான் சாரு கொடுத்திருந்தாள். இளையோர் பிரிவில் எல்லாரும் கைதூக்கி ஏற்றுக்கொண்டார்களாம்.

"என்ர மானத்தைக் கல்லிலை ஏத்தப் போறியோ? ஊருக்கு முன்னாலை தாய் கள்ளி எண்டு சொல்லுவியோ?"

"கள்ளியோ? அம்மா, அந்தக் கல்லிலை இதைவிடப் பெரிய விசயம் ஒண்டும் நடக்கேல்லை. உண்மைதானே? அங்கைதானே நடந்தது? பிறகு ஏன் எங்களுக்குக் கல் இல்லை?"

 அதை எடு, திரும்ப வாங்கு என்று கத்தினேன். அசோகனும் என் பக்கம் நின்றார். குடியுரிமைக்கு நாங்கள் போட்ட அன்ட்ராக், அந்த விண்ணப்பம், நகரசபையில் கிடந்தது. இந்த நேரத்தில் பழைய கேஸைக் கிளறுவதா என்று அவருக்குப் பயம். சாரு அறைக்குள் போய்க் கதவை அடித்துச் சாத்தினாள். உள்ளே அழுகிற சத்தம் கேட்டது. சின்னப் பிள்ளையிலும் அவள் அப்படி அழுததில்லை. நான் பிட்டை அவித்தேன். ஒருவரும் சாப்பிடவில்லை.

அப்படியே விட்டிருந்தால் நானே அந்தக் கதையைத் திரும்ப வாங்க வைத்திருப்பேன். சங்கத் தலைவர் வுல்ஃபிங் வீட்டுக்கு வராமல் இருந்திருந்தால்.

வுல்ஃபிங் ஓய்வுபெற்ற வங்கி முகாமையாளர். மரியாதையான மனுசன். சப்பாத்தை வாசலில் கழற்றி வைத்துவிட்டு வந்தார். விழாவுக்கு ஒவ்வொரு வருடமும் நான்தான் மீன் றோல்ஸ் செய்து கொடுப்பேன், அதில் அவருக்குத் தனி ஆசை. இரண்டை எடுத்துச் சாப்பிட்டுவிட்டுப் பேசத் தொடங்கினார். டொச்சில் சொன்னதை என் தமிழில் சொல்கிறேன்.

"திருமதி அசோகன், எல்லை நடை ஒரு சந்தோஷமான நாள். குடும்பங்கள் வருவார்கள், குழந்தைகள் வருவார்கள். பொலிஸ், தண்டனை, இதெல்லாம் மரபு இல்லையே."

"மூன்றாம் கல்லில் பியர் லொறி கவிழ்ந்ததே," என்றாள் சாரு. "சாரதி குடித்து நல்ல வெறி. அதற்குப் பொலிஸ் வரவில்லையா?"

"அது வேடிக்கைக் கதை, பிள்ளை."

"லொறி விழுந்து வேலி உடைந்தது, ஒரு மாடு செத்தது. மாட்டுக்கு அது வேடிக்கையா?"

அவர் சிரித்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். தான் ஓர் அழகான யோசனை கொண்டுவந்திருப்பதாகச் சொன்னார். நான் சேலை கட்டிக்கொண்டு வந்து ஒரு மேசை போட்டு றோல்ஸ் கொடுப்பது, சாருவும் சேலையோடு கொடிக்குப் பின்னால் நடப்பது. பத்திரிகைக்காரருக்கும் நல்ல படம் கிடைக்கும். அப்படியும் சாருவுக்குக் கதை சொல்லத்தான் வேண்டுமென்றால், அம்மா புதிதாக வந்தவள், எல்லை எது என்று தெரியாமல் வீதியைக் கடந்துவிட்டாள் என்று சொல்லட்டும். கேட்கிறவர்களுக்கும் மனம் இளகும். கொடியும் கிடைக்கும்.

"மற்றதை மறந்துவிடுவது உங்களுக்கும் நல்லது, திருமதி அசோகன்," என்றார் அவர்.

அந்த ஒரு வசனம். அதை அவர் சொல்லாமல் விட்டிருக்கலாம். இந்த ஊரில் எந்தக் கல்லும் மறக்கவில்லை. மாடு செத்ததை மறக்கவில்லை, இருநூறு வருடத்துக்கு முன்னால் ஓர் ஆலைக்காரன் தன் மைத்துனனுக்குக் கல்லால் எறிந்ததை மறக்கவில்லை. என்னுடையதை மட்டும் மறக்க வேண்டுமாம். அதுவும் என் நன்மைக்காம். எனக்குக் கோபம் உச்சந்தலையில் ஏறிவிட்டது.

"வுல்ஃபிங் அவர்களே," என்றேன், "ஏழாம் கல்லில் என் கதை சொல்லப்படும். இந்த வருடம் நான் றோல்ஸ் செய்ய மாட்டேன். நான் நடக்க வருகிறேன்."

அவர் கையிலிருந்த மூன்றாவது றோலைப் பார்த்தார். சாப்பிடுவதா வைப்பதா என்று தெரியாமல் கொஞ்ச நேரம் வைத்துக்கொண்டிருந்தார். பிறகு சாப்பிட்டார்.

அவர் போனபிறகு வீட்டில் பெரிய சண்டை. அசோகன் ஒரு நாளும் குரல் உயர்த்தாத மனுசன், அன்றைக்குக் குணம், குணம் என்று என் பெயரைச் சொல்லிச் சொல்லி உயர்த்தினார்.

"தெரியாமல் எண்டு ஒரு சொல்லைச் சேர்த்தால் முடிஞ்சுது. பிள்ளைக்குக் கொடி. எங்கட அன்ட்ராக்குக்கும் பிரச்சினை இல்லை. நகரசபை ஆக்கள் முழுப்பேரும் அண்டைக்கு அங்கை நிப்பினம், குணம். ஒரு சொல்லுத்தானே?"

சாரு என்னைப் பார்க்காமல் நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னாள், "ஓம் அம்மா. ஒரு சொல்லுத்தானே. நான் அப்பிடியே சொல்லுறன்."

 அவள்மேல் கோபம் வரவில்லை. மூன்று வருடம் கல் உரஞ்சிய பிள்ளை, அவளுக்குக் கொடி வேண்டும். அதற்காகத் தாயைக் கொஞ்சம் விளங்காதவளாக்கிக் காட்ட வேண்டும் என்றால் காட்டத்தானே செய்வாள். உன்ர விருப்பம் என்று மட்டும் சொல்லிவிட்டு எழும்பிப் போனேன். அடுத்த நாள் அவள் வுல்ஃபிங்கிடம் போய், அவர் சொன்னபடியே சொல்வதாக ஒத்துக்கொண்டு வந்தாள்.

எல்லை நடை அன்று நல்ல வெயில். நான் சேலை கட்டவில்லை. வேலைக்குப் போடுகிற காற்சட்டையும் சட்டையும் போட்டுக்கொண்டு போனேன். அசோகன் கடைசியில், நகரசபைக்காரருக்குக் கண்ணில் படாத தூரத்தில் வந்தார். முன்னுக்குக் கொடி போனது, பச்சையும் வெள்ளையும், நடுவில் ஊர்ச் சின்னம். கொடிக்கு முன்னால் ஒருவரும் கால் வைக்கக் கூடாது, கொடி போகும் பாதையால்தான் ஊர் போக வேண்டும் என்று பக்கத்தில் வந்த ஒரு மனுசி எனக்கு விளக்கினார். இவ்வளவு காலமும் நான் மேசைக்குப் பின்னால் நின்றதால் இதெல்லாம் எனக்குத் தெரியாது. ஆறாம் கல்லில் பேக்கரிக்காரர் தங்கள் பழைய அடுப்பு எரிந்த கதையைச் சொல்லிக் கல்லில் இருந்தெழும்பினார். அவருடைய மகன் யோனாஸ் கொடியை எடுத்துக்கொண்டு ஏழாம் கல்லை நோக்கி நடந்தான்.

நெசவாலையை இடித்துக் குடியிருப்புக் கட்டியிருந்தார்கள். மஞ்சள் பெட்டியும் இல்லை. அது நின்ற இடத்தில் ஒரு சீமெந்துத் திட்டு மட்டும் புல்லுக்குள் தெரிந்தது. வீதியில் வாகனங்கள் ஓடிக்கொண்டிருந்தன. ஊர்வலத்துக்குப் பாதுகாப்பாக ஒரு பொலிஸ்காரர் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டுக் கரையில் நின்றார்.

யோனாஸ் கொடியைக் கல்லடியில் குத்தினான். சாரு நீலச் சட்டையோடு முன்னுக்கு வந்தாள். 

"இது எங்கள் வீட்டுக் கதை," என்று தொடங்கினாள். "1993இல் என் அம்மா இந்தக் கல்லடியில் நின்றார். அகதிகள் அனுமதியில்லாமல் இந்த வீதியைக் கடக்கக் கூடாது என்று சட்டம். அம்மா அது தெரியாமல்…"

அவள் நிறுத்தினாள். சனத்துக்குள் என்னைத் தேடினாள். கண்டுபிடித்தாள். 

"தெரிந்துதான்," என்றேன் நான்.

எல்லாரும் திரும்பினார்கள். நான் சனத்தை விலக்கிக்கொண்டு முன்னுக்குப் போனேன். என்னுடைய டொச் ஒன்றும் நல்ல டொச் இல்லை. சொற்களின் ஆண்பாலும் பெண்பாலும் பொதுப்பாலும் எனக்கு இன்றைக்கும் பிழைக்கும். ஆனால் அன்றைக்கு ஒருவருக்கும் விளங்காமல் போகவில்லை.

"எனக்குச் சட்டம் தெரியும். பொலிஸ் கார் அந்த வளைவில் நின்றதும் தெரியும். என் தம்பி செத்தானா இருக்கிறானா என்பதுதான் தெரியாது. அந்தப் பக்கத்தில் மணி அடித்தது. நான் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் கடந்தேன். பொலிஸ்காரரைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லிவிட்டு, தம்பி உயிரோடு இருக்கிறான் என்று கேட்டேன். நான் வருந்துகிறேன் என்று நீதிமன்றத்தில் எனக்காக வேறு ஒருவர் சொன்னார். நான் அப்படிச் சொல்லவில்லை. அன்றைக்கும் வருந்தவில்லை, இன்றைக்கும் இல்லை. இதுதான் கதை."

ஒரு கைதட்டல் கூட இல்லை. பின்னுக்கு எங்கேயோ ஒரு குழந்தை சிணுங்கியது. அசோகன் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டு நிற்பது எனக்குத் தெரிந்தது.

வுல்ஃபிங் தொண்டையைச் செருமினார். "நன்றி, திருமதி அசோகன். ஆனால் நாங்கள் பேசிக்கொண்டது வேறு. எட்டாம் கல்வரைக்கும் யோனாஸே கொடியைக் கொண்டுபோகட்டும்."

"நான் மாட்டேன்," என்றான் யோனாஸ். கையைக் காற்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டு ஓர் அடி பின்னால் போனான்.

கொடி கல்லடியில் தனியாக நின்றது. அதற்கு முன்னால் ஒருவரும் போக முடியாது. தகப்பன் பேக்கரிக்காரர் மகனைப் பார்த்து முறைத்தார். பிறகு தன் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

சாரு வுல்ஃபிங்குக்கு முன்னால் போய் நின்றாள். அந்த ஊரின் பழைய பேச்சிலேயே கேட்டாள். அவர்தான் அவளுக்கு அதைப் படிப்பித்தவர்.

"கதை உண்மையாக இருக்க வேண்டும். இந்தக் கல்லில் நடந்திருக்க வேண்டும். வேறு என்ன முறை இருக்கிறது, சொல்லுங்கள்."

"சாட்சி," என்றார் அவர். தோற்றுக்கொண்டிருக்கிறோம் என்று தெரிந்த குரல். "கண்டவர் ஒருவர் வேண்டும்."

"உங்களுடைய ஆலைக்காரன் கல் எறிந்ததைக் கண்டவர் யார்?"

இருநூறு வயதில் யாராவது நிற்கிறார்களா என்பது போல அவர் சனத்தைத் திரும்பிப் பார்த்தார்.

"எங்கள் கல்லுக்குச் சாட்சி இருக்கிறது," என்றாள் சாரு. "இந்தக் கல்லில்தான் அம்மா என்னை இருத்தியிருந்தார். இறங்காதே என்றார். நான் இறங்கவில்லை. இதில் இருந்துகொண்டு எல்லாவற்றையும் கண்டேன். நான் பிறகு பொய் சொல்ல வந்தேன், ஒரு கொடிக்காக. இப்போது சொல்லவில்லை. அம்மா தெரிந்துதான் கடந்தார்."

எனக்குக் கண்ணெல்லாம் கலங்கிவிட்டது. துடைக்கவில்லை. துடைத்தால் அழுகிறேன் என்று நினைப்பார்கள்.

வுல்ஃபிங் குனிந்து அந்தக் கல்லின் தலையில் கிடந்த சருகைத் தட்டிவிட்டார். பிறகு, "தூக்குங்கள்," என்றார்.

யோனாஸ் வந்தான். இன்னும் இரண்டு பிள்ளைகள் வந்தார்கள். நாலாவது ஆள் வேண்டும். யாரும் அசையவில்லை. அப்போது பின்னாலிருந்து சனத்தை இடித்துக்கொண்டு ஒருவர் வந்தார். என் மனுசன். நகரசபைக்காரர் இருவருக்கு நடுவால் அவர்களுடைய தோளில் முட்டிக்கொண்டு வந்தார், மன்னிப்புக் கேட்காமல்.

"அன்ட்ராக் என்ன மாதிரி?" என்று கேட்டேன்.

"வாயை மூடு, குணம். காலைத் தூக்கு," என்றார்.

மூன்று தரம் இருத்தினார்கள். கல் நல்ல குளிர். மூன்றாவது தரம் இருத்தியபோது கைதட்டல் தொடங்கியது, முதலில் பெடியன்கள், பிறகு பேக்கரிக்காரர், பிறகு மற்றவர்கள். எல்லாரும் தட்டவில்லை. தட்டாதவர்களை நான் பார்த்து வைத்துக்கொண்டேன்.

சாரு கொடியைப் பிடுங்கி எடுத்தாள். பாரம் கூட, ஒரு தரம் தள்ளாடினாள், பிறகு நிமிர்ந்தாள். எட்டாம் கல்லுக்கு இந்தக் கரையாலேயே மேலே போக வேண்டும். யோனாஸ் அந்தப் பக்கம் கையைக் காட்டினான். அவள் அந்தப் பக்கம் திரும்பவில்லை. நேராக வீதிக்கு இறங்கினாள்.

"அடியேய், எங்கை போறாய்?"

"பெட்டி நிண்ட இடத்துக்கு, அம்மா. வாங்கோ."

எல்லைக்கு வெளியே. ஊர்க்கொடி ஊரை விட்டு வெளியே போகிறது. வுல்ஃபிங்கின் வாய் திறந்தபடி இருந்தது. ஆனால் கொடி போகும் பாதையால்தான் ஊர் போக வேண்டும். நான் அவளுக்குப் பின்னால் இறங்கினேன், எனக்குப் பின்னால் அசோகன், நீலச் சட்டைப் பிள்ளைகள், பேக்கரிக்காரர், நகரசபைக்காரர், ஒருவர் மிச்சமில்லை. வுல்ஃபிங் கூட இறங்கினார்.

கரையில் நின்ற பொலிஸ்காரர் கொடி வீதிக்கு வருவதைக் கண்டார். ஓடிவந்து வீதியின் நடுவில் நின்று, வந்துகொண்டிருந்த வாகனங்களுக்குக் கையை விரித்துக் காட்டி மறித்தார். நாங்கள் எல்லாரும் கடந்து முடியும்வரைக்கும் கையை இறக்கவில்லை.